குணமடைந்தோர் சொல்லும் குணமடையாதோர் மௌனமும்

நோயிலிருந்து மீண்டவர்கள் எழுதும் சான்றுரை இன்று தனியோர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கென்று ஓர் அமைப்பும் உண்டு. முதலில் நலமான வாழ்வு, அடுத்து, காரணம் விளங்காத வீழ்ச்சி, மருத்துவர் பலரின் கைவிரிப்பு, இருளில் கழியும் நெடுங்காலம், நண்பர் ஒருவர் வழியாகவோ நூல் ஒன்றின் வழியாகவோ அறிமுகமாகும் புதிய முறை, முடிவில் விடுதலை. இத்தகைய எழுத்தைக் கனிவின்றிப் படிப்பவர் எவருமிலர். நன்றியோடு எழுதப்பட்ட ஒன்றை ஆராயப் புகுவது நன்றிகெட்ட செயலாகக்கூடத் தோன்றலாம். ஆயினும், ஒருவரின் நன்றியுரை மற்றொருவரின் தலைமேல் தீர்ப்பாக இறங்கும்போது, அதனை ஆராயாமல் விடுவது அறமாகாது.

நாட்பட்ட களைப்பு நோய் என்று தமிழில் நாம் கூறத்தக்க ஒரு நோயைச் சுற்றி இவ்வகை எழுத்துகள் மேலைநாடுகளில் பெருகியுள்ளன. மனத்தைப் பயிற்றி உடலைச் சீராக்கும் மாற்றுமுறைகளால் தாம் முற்றும் குணமடைந்ததாக இவற்றை எழுதியோர் சாற்றுகின்றனர். அவர்கள் பொய் கூறுகின்றனர் என்பது நம் கருத்தன்று. அவர்களுடைய சொல் எதுவரை செல்லும், எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்பதே நம் ஆய்வுப் பொருள்.

நம்பப்படாத நோய்

இந்நோயின் வரலாறு பெருமளவுக்கு நம்பிக்கையின்மையின் வரலாறே. 1955ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர் 292 பேர் அடுத்தடுத்து நோயுற்றனர். தசைவலி, தலைவலி, கடுஞ்சோர்வு, நரம்புத் தளர்ச்சி ஆகியவை அவர்களை வாட்டின. வார்டுகளில் ஏற்கெனவே படுத்திருந்த நோயாளிகளுள் மிகச் சிலரையே அது தாக்கியது. மறுஆண்டு ‘தி லான்செட்’ இதழ் இதற்கு மயால்ஜிக் என்செஃபலோமைலைடிஸ் என்னும் பெயரை முன்மொழிந்தது. அம்மருத்துவமனையின் டாக்டர் மெல்வின் ராம்சே பின்னைய ஆண்டுகளிலும் இந்நோயாளிகளுக்காகத் தொடர்ந்து எழுதினார்.

ஆனால் 1970இல் மெக்இவிடி, பியர்ட் என்னும் மனநல மருத்துவர் இருவர் பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, அது கூட்டமாகப் பரவிய ஹிஸ்டீரியா என்று எழுதினர். நோயுற்றோரில் பெண்கள் மிகுதி என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. ஒரு கட்டுரையின் நிழல் எத்துணைத் தொலைவு விழும் என்பதற்கு இதுவே சான்று. பிறகு 1988இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சார்ந்தோர் ‘நாட்பட்ட களைப்பு’ என்னும் பெயரை வழங்கினர். களைப்பு யாருக்குத்தான் இல்லை? உழைக்கும் மாந்தர் அனைவரும் அறிந்த ஒன்றின் பெயரால் அழைக்கப்பட்டதாலேயே இந்நோய் மேலும் இலேசாகக் கருதப்பட்டது.

2015இல் அமெரிக்க மருத்துவக் கழகம் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டு, இது உடல் முழுவதையும் தாக்கும் கடும் நோய் என்று உறுதிபடக் கூறியது. சிறிதளவு உழைப்புக்குப் பின்னும் பல மணி நேரமோ பல நாளோ நீடிக்கும் சரிவே இதன் தனி அடையாளம் என்றும் அவ்வறிக்கை விளக்கியது. அமெரிக்காவில் மட்டும் 8,36,000 பேர் முதல் 25 இலட்சம் பேர்வரை இதனால் துன்புறுவதாக அது மதிப்பிட்டது. இதற்கென உறுதியான இரத்தப் பரிசோதனையும் இல்லை. நோயை அடியோடு தீர்க்கும் மருந்தும் இல்லை. எங்கே மருத்துவம் கைவிரிக்கிறதோ அங்கே சான்றுரைக்கு விலை ஏறுகிறது.

முடிவு பெறாத இரு கதைகள்

குணமடைந்தோரின் எழுத்தைப் படிக்குமுன், நோயின் நடுவிலிருந்து பிறந்த இரு படைப்புகளை நோக்குவது நலம்.

முதலாவது, லாரா ஹில்லன்பிராண்ட் ‘தி நியூயார்க்கர்’ இதழில் 2003 ஜூலையில் எழுதிய ‘எ சடன் இல்னஸ்’ என்னும் கட்டுரை. 1987இல் கல்லூரி மாணவியாக இருந்தபோது அவர் நோயுற்றார். மருத்துவர் சிலர் அவருடைய மனத்தையே ஐயுற்றனர். ஓடுவதற்கென்றே பிறந்த பந்தயக் குதிரையைப் பற்றிய ‘சீபிஸ்கட்’ (2001) நூலை, தலைச்சுற்றலோடு போராடியபடி, வீட்டைவிட்டு வெளியேற இயலாத ஒருவர் எழுதினார் என்பது அந்நூலைப் படித்த பலருக்கு இக்கட்டுரையால்தான் தெரிய வந்தது. கட்டுரையின் சிறப்பு அதன் அமைப்பில் உள்ளது. நோய் தணிகிறது, பின்பு மீள்கிறது. சற்றே தேறிய நிலையில் மேற்கொண்ட பயணம் ஒன்று அவரை மீண்டும் படுக்கையில் வீழ்த்துகிறது. வாசகன் எதிர்பார்க்கும் திருப்பம் வருவதேயில்லை. எழுத்தாளர் அதனை வருவித்துக் காட்டவும் முயலவில்லை. நோயின் உண்மை வடிவம் எதுவோ அதுவே கட்டுரையின் வடிவமுமாகிறது.

இரண்டாவது, ஜெனிஃபர் பிரியா இயக்கி 2017இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட ‘அன்ரெஸ்ட்’ என்னும் ஆவணப்படம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், 2011இல் கடுங்காய்ச்சல் ஒன்றுக்குப் பின் நலம் குன்றினார். மனத்தின் பழைய காயம் உடல்நோயாக வெளிப்படுவதாக நரம்பியல் மருத்துவர் ஒருவர் முடிவு கூறினார். அது மெய்தானா என்று சோதிக்க விரும்பிய பிரியா, மருத்துவரின் அறையிலிருந்து வீடுவரை நடந்தே சென்றார். அந்த நடை அவரை வீழ்த்தியது. படுக்கையில் இருந்தபடியே, கணினித் திரை வழியாகப் பிற நாட்டு நோயாளிகளோடு உரையாடி இப்படத்தை அவர் ஆக்கினார். படத்தில் பொது இடங்களில் வரிசை வரிசையாகக் காலணிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை அணிந்து வந்து நிற்க வேண்டியவர்கள் இருண்ட அறைகளில் படுத்திருக்கிறார்கள். வர இயலாதவர்களுக்காக அவர்களின் காலணிகள் சாட்சி சொல்கின்றன.

இவ்விரு படைப்புகளும் ஒன்றை உணர்த்துகின்றன. பேச வலிமையற்றவர்களே இந்நோயில் மிகுதியாகத் துன்புறுகின்றனர். ஆகவே நம் கைக்கு வந்து சேரும் எழுத்தெல்லாம் எழுத வலிமை பெற்றவர்களின் எழுத்தே. குணமடைந்தவரின் குரல் அரங்கில் ஒலிக்கும். குணமடையாதவரின் குரல் அறைக்கதவைத் தாண்டாது. இச்சமமின்மையை மறந்து படிப்போர் ஏமாற்றமடைவது திண்ணம்.

மின்னல் முறையின் இலக்கணம்

மாற்றுமுறைகளுள் பெயர்பெற்றது ‘லைட்னிங் பிராசஸ்’. தமிழில் மின்னல் முறை எனலாம். இங்கிலாந்தில் ஆஸ்டியோபதி பயின்ற ஃபில் பார்க்கர் என்பவர் 1990களின் இறுதியில் இதனை வகுத்தார். ஆஸ்டியோபதியோடு நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங் என்னும் சொல்வழி மனப்பயிற்சியும், வாழ்க்கைப் பயிற்சிக் கலையும் இதில் கலந்துள்ளன. பெரும்பாலும் அடுத்தடுத்த மூன்று நாள்களில், சிறு குழுவாக அமர்த்திக் கற்பிக்கப்படும் இதற்குக் கட்டணம் உண்டு. ஆபத்து நேரத்தில் உடலில் எழும் கிளர்ச்சி, ஆபத்து அகன்ற பின்னும் அடங்காமல் சுழன்றுகொண்டே இருப்பதுதான் நோயை நீடிக்கச் செய்கிறது என்பது இதன் அடிப்படைக் கருத்து. நோய் பற்றிய எண்ணம் எழும் கணமே அதனைக் கண்டுகொண்டு, ‘நிறுத்து’ எனத் தனக்குத்தானே ஆணையிட்டு, தானே தனக்குப் பயிற்றுநராகி, விரும்பும் நிலையை மனத்தில் வரித்துக்கொள்ள வேண்டும்.

மனம் உடலைத் தொடும் என்பதை மறுப்பார் யார்? அச்சத்தில் வாய் உலர்வதும் துயரத்தில் பசி அகல்வதும் எவரும் அறிந்தவை. நாம் இங்கே நிறுத்தி நோக்க வேண்டியது இம்முறையின் மொழியை. நோய் என்பது பெயர்ச்சொல். பார்க்கர் அதனை வினைச்சொல்லாக்குகிறார். செய்தல் என்னும் பொருளுடைய ‘டூ’ என்ற ஆங்கில வினையின் மேல் ஒரு குறியிட்டு, புதுச்சொல்லே படைத்திருக்கிறார். நோயாளி நோயைக் கொண்டிருப்பதில்லை. தன்னை அறியாமலே அதைச் ‘செய்கிறார்’ என்பது இதன் உட்கிடை. பழிசுமத்துவது தம் நோக்கமன்று என்று அவர் விளக்குகிறார். அவ்விளக்கத்தை நாம் ஏற்கலாம். ஆனால் சொல், தன்னை ஆக்கியவரின் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. நான் செய்வது என்றால் நான் நிறுத்தக்கூடியதே. நிறுத்தக்கூடியதை நிறுத்தாவிட்டால் குறை யாருடையது?

நம் மொழியின் வழக்கு இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது. ‘எனக்கு வலிக்கிறது’, ‘எனக்குக் காய்ச்சல் வந்தது’, ‘அவருக்கு உடம்புக்கு முடியவில்லை’ என்றே தமிழர் கூறுகிறோம். துன்புறுபவர் இவ்வாக்கியங்களில் எழுவாயாக நிற்பதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று, ஒன்றை வாங்கிக்கொள்பவராகவே நிற்கிறார். நோய் வருகிறது, வந்தவரிடம் தங்குகிறது. படிப்பறியாத பாட்டியும் இவ்வாறுதான் பேசுவார். நோயாளியை நோய்க்குச் செய்பவராக்காத இவ்வழக்கில் ஓர் இரக்கம் பொதிந்துள்ளது. திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். மின்னல் முறையில் பயிற்சி முடிந்து வீடு திரும்பியவரின் தோள்மேல் இந்நான்கும் ஏறிக்கொள்கின்றன. நோயாளியும் அவரே, மருத்துவரும் மருந்தும் துணையும் அவரே. வென்றால் புகழ் முறைக்கு. தோற்றால் குறை அவருக்கு.

சொல்லே மருந்து, சொல்லே அளவுகோல்

இம்முறையைச் சான்றுரைகளின் வட்டத்திலிருந்து ஆய்வுக்களத்துக்குக் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்தர் க்ராலி தலைமையில், 12 முதல் 18 வயதுவரையுள்ள 100 சிறாரைக் கொண்டு செய்யப்பட்ட ‘ஸ்மைல்’ ஆய்வு 2017இல் வெளிவந்தது. வழக்கமான மருத்துவ உதவி மட்டும் பெற்றவரைவிட, அதனோடு மின்னல் முறையும் பயின்றவர்கள் ஆறாம் மாதத்தில் உடல் இயக்கத்தில் மேம்பட்டிருந்ததாக அது அறிவித்தது. செய்தித்தாள்கள் அதனை வரவேற்றன.

பின்னர் ஆய்வின் உட்கூறுகள் வெளிச்சத்துக்கு வந்தன. முதலில் முதன்மை அளவையாகக் கொள்ளப்பட்டது பள்ளி வருகை. நடுவில் அது மாற்றப்பட்டு, சிறார் தாமே நிரப்பும் வினாத்தாளின் மதிப்பெண் முதன்மையாக்கப்பட்டது. ஆய்வு முறைப்படி பதிவு செய்யப்படுமுன்னரே பங்கேற்பாளரில் பாதிக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டுவிட்டனர். கட்டுரையை வெளியிட்ட இதழ் 2019இல் நீண்ட திருத்தத்தோடு அதனை மீண்டும் பதிப்பித்தது. ஆறாம் மாதத்தில் பள்ளி வருகை மேம்பட்டதாக ஆய்வு காட்டவில்லை. பன்னிரண்டாம் மாதத்தில்தான் அம்மேம்பாடு குறிக்கப்பட்டது. இவ்விரு செய்திகளையும் சேர்த்துக் கூறுவதே நேர்மை.

ஆயினும் எண்களுக்கு அப்பால் ஓர் அடிப்படைச் சிக்கல் உள்ளது. இக்கட்டுரையின் மையமும் அதுவே. நோய் பற்றிய எண்ணத்தை நிறுத்தி, நலத்தை நோக்கி மனத்தையும் சொல்லையும் திருப்பிக்கொள் என்று ஒரு குழந்தைக்குக் கற்பிக்கிறோம். அதுவே மருந்து. பிறகு அக்குழந்தையிடம் தாளைக் கொடுத்து, ‘எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்கிறோம். நன்கு பயின்ற குழந்தை என்ன விடை எழுதும்? அது எழுதும் விடை உடலின் நிலையைக் கூறுகிறதா, பாடத்தை ஒப்பிக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. மருந்தாகக் கொடுக்கப்பட்ட சொல்லே அளவுகோலாகவும் ஆகிவிட்டது. படிக்கல்லையும் பண்டத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பவர் எடையை அறிவதெங்ஙனம்?

இதனால் விளையக்கூடிய கேட்டினை எண்ணுக. இந்நோயில் உழைப்பை மிஞ்சினால் சரிவு வரும். களைப்பு என்னும் உணர்வு இங்கே உடலின் எச்சரிக்கை மணி. ‘முடியவில்லை’ என்று சொல்லும் உரிமையை ஒரு குழந்தையிடமிருந்து பெற்றுக்கொண்டால், அம்மணியின் நாவைக் கட்டிவிட்டோம் என்றே பொருள். தாயிடம்கூட உண்மையைக் கூற இயலாத தனிமையில் அக்குழந்தை விடப்படுகிறது.

ஒன்றையொன்று மறுக்கும் இரு சாட்சிகள்

குணமடைந்தோரின் தரப்பையும் அதன் வலிமையோடு எடுத்துரைப்பதே முறை. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் பால் கார்னர் 2020 மார்ச்சில் கோவிட் தொற்றுக்கு ஆளானார். தம் நெடிய துன்பத்தைப் பிரித்தானிய மருத்துவ இதழின் கருத்துப் பகுதியில் அவர் எழுதியபோது, உலகெங்கும் அதேபோல் துன்புற்றோர் தமக்கும் ஒருவர் சாட்சி சொன்னார் என்று ஆறுதலடைந்தனர். 2021 ஜனவரியில் அதே இடத்தில், உடற்குறிகளைக் குறித்த தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டதால் நலமடைந்ததாக எழுதினார். இந்நோயிலிருந்து மீண்ட நார்வே நாட்டவரின் துணை இதில் அவருக்குக் கிட்டியது. இவர் எளிதில் மயங்கும் மனிதர் அல்லர். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பில் தொற்றுநோய்க் குழுவை நடத்தியவர். அவர் குணமடைந்தார் என்பதை ஐயுற நமக்குக் காரணமோ உரிமையோ இல்லை.

இனி ‘அன்ரெஸ்ட்’ படத்தின் பிரியாவிடம் திரும்புவோம். படம் வெளிவந்து ஈராண்டு கழித்து, 2019இல், அவரும் நோயிலிருந்து மீண்டதாக அறிவித்தார். மண்டையோடும் கழுத்தெலும்பும் சேருமிடத்தில் உறுதியின்மை கண்டறியப்பட்டு, அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்ட பின் அவருக்கு இம்மீட்சி கிட்டியது.

ஒருவர் எண்ணத்தை மாற்றி எழுந்தார். மற்றவர் எலும்பைச் சீர்செய்து எழுந்தார். இருவரும் தம் அனுபவத்தையே சொல்கின்றனர். முதலாமவரின் கதையைப் பொதுவிதியாக்கினால், கழுத்தெலும்பில் குறையுள்ளவரிடம் மனத்தை மாற்றிக்கொள் என்று கூற நேரும். இரண்டாமவரின் கதையைப் பொதுவிதியாக்கினால், தேவையற்றவரையும் அறுவை மேசைக்கு அனுப்ப நேரும். ஒரே பெயரின்கீழ் பல நோய்கள் அடங்கியிருக்கலாம். காலம் செல்லச் செல்லத் தாமே தேறுவோரும் உளர், சிறாரில் அத்தகையோர் மிகுதி. ‘நான் எழுந்தேன்’ என்பது சாட்சி. ‘இதனால் எழுந்தேன்’ என்பது ஊகம். ‘நீயும் இதனால் எழுவாய்’ என்பது வாக்குறுதி. இம்மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் ஒன்றே போல் ஒலிக்கின்றன. அவற்றைப் பிரித்துக் கேட்கப் பழகுவதே வாசகனின் கடமை.

யோபுவின் நண்பர்கள்

நோய் பற்றிய இலக்கியத்தில் மூத்த நூல்களுள் ஒன்று யோபு நூல். யோபுவின் நண்பர்கள் தீயவர்கள் அல்லர். தொலைவிலிருந்து வந்து, ஏழு நாள் அவரோடு தரையில் வாய்பேசாது அமர்ந்திருந்தவர்கள். வாய் திறந்த பிறகே அவர்கள் வழிதவறினர். துன்பம் இருந்தால் அதற்குத் துன்புறுபவரிடம் காரணம் இருக்க வேண்டும் என்னும் கோட்பாட்டைக் காக்க, கண்முன் இருந்த மனிதரைக் கைவிட்டனர். ‘உன் பாவமே காரணம்’ என்றனர் அவர்கள். ‘உன் எண்ணமே காரணம்’ என்பது இக்காலத்து வடிவம். நோயுற்றோரின் கட்டிலருகே அமர்ந்து பழகிய எவரும் இவ்வாக்கியம் எவ்வளவு எளிதாக நம் நாவில் ஏறும் என்பதை அறிவர். அது துன்புறுபவருக்கு ஆறுதல் தருவதில்லை. பார்த்திருப்பவரின் அச்சத்தைத் தணிக்கிறது. காரணம் அவரிடம் இருந்தால், நமக்கு அது வாராதன்றோ!

பிரித்தானிய அரசின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், 2021 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறையில், மின்னல் முறையையோ அதன் அடிப்படையில் அமைந்த சிகிச்சைகளையோ இந்நோயாளிகளுக்கு அளிக்க வேண்டாம் என்று கூறிற்று. அம்முறை நடைமுறையில் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பது வெளிப்படையாக இல்லை என்பதும், உடற்குறிகளைப் பொருட்படுத்தாமல் முன்செல்ல நோயாளிகள் தூண்டப்படுகின்றனர் என்பதும் அதனை வகுத்த குழு சுட்டிய கவலைகள். படிப்படியாக உழைப்பைக் கூட்டும் சிகிச்சையும் அந்நெறிமுறையில் விலக்கப்பட்டது. மனநல ஆலோசனை, நோயோடு வாழத் துணையாகுமேயன்றி நோயைத் தீர்க்கும் மருந்தாகாது என்றும் வரையறுக்கப்பட்டது. சக்திக்கு உட்பட்டு உழைத்து, சரிவு வராமல் காத்துக்கொள்ளும் நிதானமே நோயாளிக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. மின்னலைப் போல் ஒளி வீசும் அறிவுரையன்று இது. ஆனால் இருட்டில் தடவி நடப்பவர்க்கு மின்னலைவிட அகல்விளக்கே உதவும்.

இவ்வகைச் சான்றுரைகளைப் படிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நம்பிக்கை தரும் எழுத்துக்கு இவ்வுலகில் இடம் உண்டு. ஆயின் அடுத்த முறை அத்தகைய நூலொன்று கைக்கு வரும்போது மூன்றினைக் கேட்டறிக. இந்நூலில் குணமடையாதவர் எவரேனும் வருகிறாரா? வந்தால், அவரைப் பற்றி நூல் என்ன சொல்கிறது? அவரே இந்நூலைப் படித்தால் தலைநிமிர்வாரா, தலைகுனிவாரா? மூன்றாவது கேள்விக்கு நல்ல விடை தரும் நூலே நோயாளியின் கையில் கொடுக்கத் தகுந்தது. ஹில்லன்பிராண்டின் கட்டுரையில் மருந்தேதும் இல்லை. இருந்தும், அதனைப் படித்த நோயாளி தன்னை ஒருவர் நம்பினார் என்று உணர முடியும். ஒருவர் சொல்லும் ‘முடியவில்லை’யை உள்ளவாறே கேட்டு ஏற்றுக்கொள்வது, அவருக்கு நாம் இன்றே செய்யக்கூடிய உதவி.